எட்டுக் கோர் இல்லாட்டி பைதன் ஓடாதா?

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், முழுசா வாசித்துவிட்டுப் பேசுங்க.

போன கிழமை, ஏ.எல். ஐ.சி.ரி. படிக்கிற ஒரு பிள்ளையின் உம்மா என்னிடம் வந்தார். இரண்டு காப்பை ஈடு வைத்து மகளுக்கு லெப்டொப் வாங்கியிருக்கிறார். "எட்டுக் கோர் இல்லாட்டி பைதன் ஓடாது" என்று கடையில் சொன்னார்களாம். அப்பட்டமான பொய்!

இயந்திரத்தில் எத்தனை கோர் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. மொழி அதில் எத்தனையைப் பாவிக்கிறது என்பது வேறு கணக்கு. நம் பிள்ளைகள் படிக்கும் வழமையான பைதனில் ஜி.ஐ.எல். என்றொரு பூட்டு இருக்கிறது. ஒரு புரோகிராமில் எத்தனை திரெட் திறந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைதன் கட்டளையை ஓட்டும். கலியாண வீட்டில் எட்டுச் சமையல்காரரை நிறுத்திவிட்டு ஓர் அகப்பையைக் கொடுத்த கதை.

நம்பாவிட்டால் முடிவில்லாத ஒரு லூப் எழுதி ஓடவிட்டு, டாஸ்க் மெனேஜரைத் திறந்து பாருங்கள். எட்டு ப்ரொஸஸர் இருந்தால், அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத்தான் பிடித்திருக்கும்.

பைதன் மட்டுமல்ல. கூகுளின் கோ மொழியும் 2015 ஓகஸ்டில் 1.5 பதிப்பு வரும்வரை, கோமெக்ஸ்ப்ரொக்ஸ் என்ற எண்ணை நாமாக மாற்றாவிட்டால் ஒரு ப்ரொஸஸரில்தான் கட்டளைகளை ஓட்டியது.

"மல்டிப்ரொஸஸிங் இருக்கே சேர்" என்று தம்பிமார் கொமெண்ட் போடுவீர்கள். இருக்கு. 2024 ஒக்டோபரில் வந்த 3.13இல், பூட்டில்லாத பைதனும் பரீட்சார்த்தமாக வந்தது. ஆனால் இரண்டிலும் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் புரோகிராம் எழுதுபவர்தான். தேடலும் வரிசைப்படுத்தலும் பழகும் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. அந்தப் பயிற்சிகள் பழைய இரண்டு கோர் இயந்திரத்திலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

வீடியோ எடிட் செய்பவருக்குக் கோர் கூட இருந்தால் நல்லம்தான். நம் பிள்ளைக்கு 8 ஜி.பி. ரெம்மும் எஸ்.எஸ்.டி.யும் தாராளம்.

கடைக்காரரை மட்டும் ஏசி என்ன பயன்? ஆசிரியர்களாகிய நாம் இதை வகுப்பில் ஒரு பாடவேளை செய்து காட்டியிருந்தால், அந்தப் பிள்ளையே கடையில் வைத்துக் கேட்டிருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெற்றோரே, அடுத்த முறை ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளை எழுதும் எந்தப் புரோகிராம் எட்டையும் பாவிக்கும்? ஓட்டிக் காட்டுங்க." காட்ட முடியாவிட்டால், காப்பு கையிலேயே இருக்கட்டும்.