இடம் நம்முடையது, வருகிற கூட்டம்?

நம் சங்க ஆண்டு விழாவுக்கான ஆலோசனைக் கூட்டம் அண்மையில் நடந்தது. மாலையில் இன்னிசைக் கச்சேரி வைப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. இடம் எது என்ற பேச்சு வந்தபோது, உறுப்பினர் ஒருவர் தமது கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் காலி மனையைத் தருவதாகப் பெருந்தன்மையுடன் சொன்னார். அனுமதி, லைசென்ஸ் என்று ஒருவர் மெல்ல இழுத்தார். உடனே மனைக்காரர், "நம்ம சொந்த இடம் அண்ணாச்சி. சுற்றிலும் காம்பவுண்டு போட்டிருக்கு. இதில் யார் வந்து என்ன கேட்கப் போகிறார்கள்?" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினோம். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் அது தவறு என்று பட்டது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் கடையும் சொந்த இடம்தான். ஆனாலும் எடைக்கற்களுக்கும் தராசுக்கும் முத்திரை வைக்கிறோம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையோ உரிமத்தையோ வாங்கிச் சுவரில் மாட்டுகிறோம். கடை நம்முடையது என்றாலும் வாசல்படி ஏறி வருகிறவர் பொதுமக்கள். அவர் ஏமாறக் கூடாது, அவர் உடம்புக்குக் கேடு வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. கச்சேரிக்கும் இதே நியாயம் பொருந்தும். மனை தனியாருடையதாக இருக்கலாம். கூடுகிற கூட்டம் பொதுக்கூட்டம். பொதுமக்கள் கேளிக்கைக்காகக் கூடும் இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1888-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். புதிதாக யாரும் நம் தலையில் சுமத்திய பாரம் அல்ல இது.

இது கச்சேரி நடத்துகிறவர்களின் தலைவலி, மளிகைக் கடைக்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். கோயில் கொடை, பொங்கல் விளையாட்டு விழா, மே 5 வணிகர் தின மாநாடு எதுவானாலும் மனை கொடுப்பவர் நம்மவர்; நன்கொடை கொடுத்துப் பேனரில் பெயர் போடுகிறவர் நம்மவர்; வாசலில் பஜ்ஜிக் கடை, குளிர்பானக் கடை போடுகிறவர் நம்மவர்; கூட்டம் தெருவை அடைத்தால் வியாபாரம் கெட்டு நிற்பவரும் நம்மவர்தான். லாபத்திலும் பங்கு, நஷ்டத்திலும் பங்கு. அப்படியிருக்க, பொறுப்பில் மட்டும் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

நடந்தவற்றைப் பார்ப்போம்.

1995 டிசம்பர் 23-ஆம் தேதி, அரியானா மாநிலம் டப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா நடந்தது. இடம், தனியார் திருமண மண்டபம் ஒன்றின் வளாகம். செயற்கைத் துணியில் பந்தல். மின்கசிவில் பற்றிய தீ சில நிமிடங்களில் பந்தல் முழுக்கப் பரவி, உருகிய துணி கீழே இருந்தவர்கள் மேல் விழுந்தது. வெளியேறப் போதிய வழி இல்லை. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள்.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பனையூரில் தனியார் இடம் ஒன்றில் ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி நடந்ததை நாம் அறிவோம். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். சாலை மணிக்கணக்கில் அடைபட்டு, முதலமைச்சரின் வாகனங்களே அதில் சிக்கின. உள்ளே போக முடியாதவர்கள் சீட்டின் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அன்று உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, கொச்சிப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. கச்சேரி தொடங்குமுன் மழை தூறியது; வெளியே நின்றவர்கள் ஒரே நேரத்தில் வாசலுக்குள் பாய்ந்தார்கள்; கீழே இறங்கும் படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து 4 பேர் இறந்தார்கள்.

நம் மனையில் அவ்வளவு கூட்டம் எங்கே வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்; கணக்கு நமக்குக் கைவந்த கலைதானே.

நூறடிக்கு நூறடி மனை என்றால் 10,000 சதுர அடி, ஏறக்குறைய 930 சதுர மீட்டர். மேடை, ஜெனரேட்டர், கடைகள், நடைபாதை இவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் சுமார் 620 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று தாராளமாக நிற்க விட்டால் 1,240 பேர். நான்கு, ஐந்து பேர் என்று ஏறினால் மனிதன் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது. கூட்டம்தான் அவனை நகர்த்தும். இனி வாசலைப் பாருங்கள். பிரிட்டனில் விளையாட்டு மைதானங்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி, சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று கணக்கிடுகிறது. நம் மனையின் கேட் ஆறடி என்றால் நிமிடத்துக்கு 150 பேர். 1,240 பேரும் வெளியேற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பற்றிய பந்தல் எட்டு நிமிடம் காத்திருக்காது. இதே காம்பவுண்டில் வேறு இரண்டு பக்கங்களில் ஆறடி வழி திறந்துவிட்டால் மூன்று நிமிடத்துக்குள் மனை காலி. சுவரில் இரண்டு இடத்தில் கல்லைப் பெயர்த்து மறுநாள் பூசிவிடும் செலவுதான் வித்தியாசம்.

காஸ் சிலிண்டர் இன்னொரு கணக்கு. உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயு வைக்கக் கூடாது என்பது விதி. வணிகச் சிலிண்டர் 19 கிலோ. ஐந்து சிலிண்டர் என்றால் 95 கிலோ. ஆறாவது உள்ளே வந்தால் விதியை மீறிவிட்டோம். நாலு கடை போட்டு, கடைக்கு இரண்டு சிலிண்டர் என்றால் 152 கிலோ. இதை எந்த விழாவில் யார் கூட்டிப் பார்த்தோம்?

ஒலிபெருக்கிக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். தனியார் இடத்தில் பாட்டு வைத்தால் அந்த இடத்தின் எல்லையில், அப்பகுதிக்கு விதித்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. கடைத்தெருவுக்குப் பகலில் 65, இரவில் 55. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. "சொந்த இடம்" என்ற வாதத்தை இந்த விதி முன்கூட்டியே எண்ணிப்பார்த்து அடைத்துவிட்டது.

இவை தவிரக் காவல் துறை அனுமதி, தீயணைப்புத் துறையின் பார்வை, மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு, உணவுக் கடைகளுக்குப் பதிவு, பாடல்களுக்குப் பதிப்புரிமைக்காரர்களின் சம்மதம், பேனருக்குத் தனி அனுமதி என்று பட்டியல் நீளும். பேனர்தானே என்று அலட்சியம் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்கு வைத்த பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அவர் உயிர் போனது.

ஏதாவது நேர்ந்தால் இடம் கொடுத்தவர் தப்ப முடியுமா? 1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லி உபகார் திரையரங்கத் தீயில் 59 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில். அப்படியிருந்தும் 2011-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டில் 85 சதவிகிதத்தைத் திரையரங்க உரிமக்காரர் மேலும், 15 சதவிகிதத்தை மின்வாரியத்தின் மேலும் சுமத்தியது. வெளியேறும் வழியை அடைத்தது யார் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இரண்டாண்டுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அதிகாரிகள் தரப்பையும் பேசாமல் விடுவது நியாயம் ஆகாது.

நம்மவர்கள் அனுமதி வாங்கத் தயங்குவதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. ஒவ்வொரு மேஜையாக ஏற வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் அடுத்த அலுவலகத்தின் கடிதத்தைக் கேட்கிறார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தின் கடிதம் எங்கே என்கிறார்கள். எங்கள் தெருவில் முன்பு ஒருமுறை கச்சேரிக்கு 20 நாள் முன்னரே மனுக் கொடுத்தோம். நிகழ்ச்சி அன்று மாலை நாலு மணிக்குத்தான் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. பந்தலை வந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் கடிதத்தால் எங்கள் கூட்டத்துக்கு என்ன பாதுகாப்புக் கிடைத்தது? முறையாக மனுப் போட்டவன் அலைகிறான். ஆளைப் பிடித்தவன் நடத்திவிட்டுப் போகிறான் என்றால், விதியை மதிக்கிற புத்தி யாருக்கு வரும்?

நிபந்தனைகளை மேலும் மேலும் ஏற்றினால் சின்ன விழாக்கள் நின்றுபோகும் என்ற கவலையும் உண்மையானது. உள்ளூர் இசைக்குழு, மைக் செட்காரர், பந்தல்காரர், நாற்காலி வாடகைக்காரர் எல்லாருக்கும் அதில்தான் பிழைப்பு. நமக்கும் அதில் வியாபாரம் உண்டு. முந்நூறு பேர் உட்காரும் தெருக் கச்சேரிக்கும் முப்பதாயிரம் பேர் கூடும் கட்டண நிகழ்ச்சிக்கும் ஒரே பாரம் போடுவது சரியல்ல. கிலோக் கணக்கில் விற்பவனுக்கும் லாரிக் கணக்கில் விற்பவனுக்கும் ஒரே தராசு உதவாது.

ஆகவே அரசை நாம் கேட்க வேண்டியது இது: ஒரே மனு, ஒரே இடத்தில் கொடுக்க வசதி. கூட்டத்தின் அளவுக்கு ஏற்பப் படிப்படியான நிபந்தனைகள். பதில் சொல்லக் கெடு. மறுத்தால் எழுத்தில் காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துப் போடுமுன் ஒருவர் நேரில் வந்து வாசலையும் வயரையும் பார்க்க வேண்டும். சோதனையைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. உண்மையான சோதனையைக் கேட்கிறோம்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் சங்கமே தீர்மானமாகப் போடக்கூடியவை சில உண்டு. மனை கொடுக்கும் உறுப்பினர், எத்தனை பேர் வரை, எத்தனை வழி, எத்தனை மணி வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுப்பது. அனுமதிக் கடிதத்தின் நகலைப் பார்க்காமல் நன்கொடையோ விளம்பரமோ கொடுப்பதில்லை என்பது. மொத்தக் கடைகளுக்கும் சேர்த்துச் சிலிண்டரை எண்ண ஒருவரை நியமிப்பது. ஜெனரேட்டரைக் கூட்டத்துக்கு எட்டாமல் வைத்து, மின்கசிவுத் தடுப்புக் கருவியும் எர்த்தும் போட்டு, தகுதியுள்ள எலக்ட்ரீசியன் ஒருவரைக் கடைசிவரை உட்கார வைப்பது. ஆம்புலன்ஸ் உள்ளே வர ஒரு பாதையில் சைக்கிள்கூட நிற்காமல் காப்பது. பொது இன்சூரன்ஸ் நிறுவனங்களில் பொறுப்புக் காப்பீடு எடுப்பது.

கச்சேரிக்கு வருகிறவர்கள் வேற்றாள் இல்லை. நம் கடையில் பற்று எழுதி வாங்கும் வாடிக்கையாளரும் அவர் பிள்ளைகளும்தான். மறுநாள் காலையில் அவர்கள் அத்தனை பேரும் பத்திரமாக நம் கடைக்கு வர வேண்டும். ஆண்டு விழாவை நடத்துவோம். நன்றாகப் பாட வைப்போம். மனை கொடுக்கும் நண்பரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மேடைக்குக் கால் நடுவதற்கு முன், காம்பவுண்டில் இரண்டு வழி திறந்துவிடுங்கள். அதன் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் நானே முன்மொழிகிறேன்.