தவளை செய்த குற்றம் என்ன?

முதல் மழை விழுந்த இரவில், மேலூர் வயல்களில் மஞ்சள் மேனியோடு கூடிக் கத்தும் பெருந்தவளையை அறியாத உழவர் உண்டா? பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்று, கூலி கேட்காமல் உழைக்கும் தோழன் அது. அதன் காலை வெட்டி அயல்நாட்டு விருந்து மேசைக்கு அனுப்பிக் காசு குவித்தவர்களும் உண்டு. எதிர்ப்பு வலுத்து, 1987-ல்தான் தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

இங்கே உழவனின் தோழனான அதே தவளை, இன்று அந்தமானில் சூறையாடி! கடலை நீந்தியா போயிற்று? இல்லை. வளர்ப்புக் குளங்களுக்கென்று கொண்டுபோன மீன்குஞ்சுகளோடு கலந்து, இந்த நூற்றாண்டில் அங்கே குடியேறிவிட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதன் தலைப்பிரட்டைகள் தீவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளை விழுங்குகின்றன. வளர்ந்த தவளையோ மீன், பல்லி, சிறு தவளை என்று வாயில் அடங்கியதையெல்லாம் விழுங்குகிறது. கோழிக்குஞ்சையும் விடவில்லை என்று குடியானவர்கள் முறையிடுகிறார்கள். பிடித்துக் கொன்று தீர்த்துவிடலாமே என்றால், ஒரு பெண் தவளை இடும் முட்டைகள் ஆயிரக்கணக்கில்! வந்த பின் விரட்டுவது மலையைக் கெல்லும் வேலை. வருமுன் தடுப்பதே வழி.

குற்றம் தவளையுடையதா? இடமறியாமல் கொண்டுபோய் விட்ட மனிதனுடையதா?

அந்தமான் கதை மதுரைக்கு எதற்கு என்று கேட்பவர்களை நம் கண்மாய்க் கரைக்கு அழைக்கிறோம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இன்று இல்லாத குளம் எது? ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-லேயே மத்திய அரசு தடை செய்தது. தடை ஏட்டில் இருக்கிறது. மீனோ திருட்டுத்தனமாகக் குட்டைகளில் வளர்கிறது! கோழிக்கழிவைத் தின்று கொழுக்கும் அந்த மீன், வெள்ளம் வந்தால் கரை தாண்டும். ஈரத் தரையிலும் ஊரும். அது புகுந்த நீரில் நமது அயிரைக்கும் குரவைக்கும் வாழ்வேது?

கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே வலையும் கச்சாவுமாக இறங்குகிறதே மீன்பிடித் திருவிழா, அது ஏழை வீட்டுச் சட்டியில் விலையில்லாமல் விழும் மீன். அந்தச் சட்டிக்கு வரும் ஆபத்து இது.

கடன்பட்டுக் குட்டை வெட்டிய சிறு விவசாயியைப் பிடித்து உலுக்குவதால் பயனில்லை. விரைவில் வளர்கிறது, தீவனச் செலவு குறைவு என்று தரகன் சொல்ல, அவர் நம்பினார். நாட்டு மீன்குஞ்சு நியாய விலையில் கைக்கெட்டினால் அவர் ஏன் தடை செய்ததைத் தேடப்போகிறார்?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கண்மாய் மீன்பாசி ஏலத்தில், அரசு சோதித்த குஞ்சை மட்டுமே விடவேண்டும் என்ற விதி ஏறட்டும். வெளியூரிலிருந்து வரும் குஞ்சு லாரிகளை மீன்வளத் துறை சோதிக்கட்டும். நாட்டு மீன்குஞ்சுப் பண்ணைகள் பெருகட்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கண்மாயில் எந்தக் குஞ்சு விடப்படுகிறது? போய்ப் பாருங்கள், கேளுங்கள். கண்மாய் ஏலம் எடுத்தவனுக்குச் சில ஆண்டுதான் சொந்தம். ஊருக்கோ தலைமுறை தலைமுறையாகச் சொந்தம்.