முதுகுக்குக் கீழே ஒரு பாடம்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



வெப்பம் எத்தனை வகையில் பரவும் என்று கேட்டால், கடைசி பெஞ்சில் தூங்கி வழிபவன்கூடக் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று ஒப்பித்துவிடுவான். நானும் அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆனால் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது பரீட்சை ஹாலில் அல்ல. என் அப்பாவின் முதுகில்!

நம்மில் பலருக்கு வீடு கம்பம் பள்ளத்தாக்கில், பிழைப்பு மலை மேலே. விடியுமுன்பே ஜீப் ஏறிப் போடி மெட்டு, கம்பம் மெட்டு தாண்டிப் போகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். என் அப்பா ஏலத்தோட்டக் காவலுக்குப் போகிறவர். காய் எடுக்கும் நாட்களில் ராத்திரியும் அங்கேதான். தரையெல்லாம் ஈரம், அட்டை வேறு. அதனால் இரண்டு மரத்துக்கு நடுவே நைலான் வலைத் தொட்டில் கட்டி, மேலே தார்ப்பாய் இழுத்துப் படுப்பார்.

“மேலுக்கு ரெண்டு கம்பளி இருக்குடா. அடியிலதான் காத்து ஊசியாக் குத்துது. முதுகு வெறைச்சுப் போகுது” என்றார் ஒருநாள்.

இன்னொரு கம்பளியை அடியில் விரிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். பிரயோஜனமில்லை. ஏன்? கம்பளியோ பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. உடம்பின் பாரம் ஏறியதும் இழை நசுங்குகிறது, காற்று வெளியேறுகிறது, தடுப்பும் போச்சு!

அப்படியானால் பஞ்சு இருக்க வேண்டிய இடம் தொட்டிலுக்கு உள்ளே அல்ல, தொட்டிலுக்கு வெளியே, அடியில். மேல்நாட்டில் காட்டில் தொட்டில் கட்டிப் படுப்பவர்கள் இதை ‘அண்டர்குயில்ட்’ என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். நான் செய்ததற்குச் செலவு நூலும் நாடாவும்தான்.

ஜிப் போய் மூலையில் கிடந்த பழைய ஸ்லீப்பிங் பேக் ஒன்றை எடுத்தேன். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உதறி உப்ப வைத்தேன். ஜிப்பைப் பிரித்து முழுசாக விரித்தேன். நீளவாக்கில் இரண்டு ஓரத்தையும் மடித்து, பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலக் கயிறு கோர்த்தேன். இரண்டு முனையையும் சுருக்கி, எலாஸ்டிக் நாடாவால் தொட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கட்டினேன். சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: அது முதுகை ஒட்டியபடி இருக்க வேண்டும், இறுகக் கூடாது. இறுகினால் பஞ்சு நசுங்கும். தொங்கினால் இடைவெளியில் காற்று புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அடுத்த வாரம் இறங்கி வந்த அப்பா, “நல்லாத் தூங்குனேன்டா” என்றார். எனக்கு அதுவே டிஸ்டிங்ஷன்!

இரண்டு எச்சரிக்கை: நனைய விடாதீர்கள், தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். கணப்புக்குப் பக்கத்தில் கட்டவே கட்டாதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் இல்லையா? இலவம்பஞ்சு மெத்தைக்குப் பேர்போன போடி நம் பக்கத்திலேயே இருக்கிறதே! உள்ளே வெற்றிடமாய், மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும் இழை அது, கனம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு அங்கிக்குள் அடைத்தது இதைத்தான். 1942-ல் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வரத்து நின்றது. நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் பஞ்சுக் காய்களை 1944-ல் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகச் சேகரித்துக் கொடுத்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகளால் முடிந்தது டிப்ளமோ படிக்கும் நம்மால் முடியாதா? முகாமுக்குப் போய்வந்த ஸ்லீப்பிங் பேக்குகளும் விருந்தினர் வராத வீட்டு மெத்தைகளும் எத்தனை பரணில் தூங்குகின்றன! நம் மாணவர் மன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சேகரித்து, தைத்து, மலையில் ராத்தங்கும் காவல்காரர்களுக்குக் கொடுக்கட்டுமே.

“அது தோட்ட முதலாளி செய்ய வேண்டியதில்லையா?” என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி, கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஆனால் பதில் வருகிறவரை குளிர் காத்திருக்குமா?

மலையில் விறைக்கும் முதுகுகள்தான் நமக்கு ஃபீஸ் கட்டுகின்றன, நண்பர்களே! படித்த பாடத்தில் ஒரு பக்கமாவது அந்த முதுகுகளுக்குப் போய்ச் சேரட்டும்.