போன் போனால் எல்லாம் போச்சா? பஸ் நிலையத்தில் பொது டெலிபோன் எங்கே?

கிளாம்பாக்கம் பஸ் நிலையம். ராத்திரி 10 மணி. வெளியூர் பஸ்ஸில் இருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையைத் துழாவினால் செல்போனைக் காணோம். பஸ்ஸில் விழுந்ததோ, எவனாவது அடித்தானோ, தெரியாது. வீட்டுக்காரருக்கு எப்படித் தகவல் சொல்வார்?

பக்கத்தில் நிற்பவரிடம், "அண்ணே, ஒரு போன் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவர் மேலும் கீழும் பார்ப்பார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் போனில்தான் அவருடைய பாங்க் கணக்கு, ஆதார், வீட்டுப் படம் எல்லாம் கிடக்கிறது. நம்பிக் கொடுத்தவனிடமே போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஆட்களும் உண்டு.

சரி, மனம் இரங்கிக் கொடுத்துவிட்டார். எந்த நம்பருக்குப் போடுவது? நம்பர் எல்லாம் போனுக்குள் இருந்தது. போன் போனதும் நம்பரும் போச்சு. புருஷன் நம்பரை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த நகரில் எத்தனை பேர்? இதைப் படிப்பவர்கள் இப்போதே ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம்!

இதே பெண் 2003-ல் கோயம்பேட்டில் இறங்கியிருந்தால் இந்தத் திண்டாட்டமே கிடையாது. நாலு அடிக்கு ஒரு மஞ்சள் போர்டு. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று பெரிய எழுத்து. அதுவும் வேண்டாம் என்றால் பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் காசு போடும் டெலிபோன். நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு மணிபர்சில் இருக்கும்.

அந்த மஞ்சள் போர்டுகள் எங்கே போயின?

மூன்று நிமிஷம் ஆச்சு சார்!

மெட்ராசுக்கு டெலிபோன் எக்சேஞ்ச் வந்தது 1882-ல். கல்கத்தா, பம்பாயோடு சேர்ந்து வந்தது. அன்றைக்கு அது வெள்ளைக்கார கம்பெனிகளுக்கும் பெரிய தனக்காரர்களுக்கும்தான். சாமானியன் தொட்டுப் பார்க்கவே நூறு வருஷம் ஆனது.

எழுபதுகளில் வீட்டுக்கு டெலிபோன் வேண்டும் என்று மனுப் போட்டால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போது வரும் என்பார்கள். கேலி இல்லை, வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நிஜமாகவே உண்டு. ஓ.ஒய்.டி. என்று ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டினால் வரிசை கொஞ்சம் சீக்கிரம் நகரும். வந்த பிறகும் லைன்மேனுக்குத் தீபாவளி இனாம் தனி.

கறுப்புப் பெட்டி. விரலை விட்டுச் சுழற்ற வேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து பேசிவிட்டுப் போகாமல் இருக்க, சுழற்றும் துளையில் குட்டிப் பூட்டு போட்டு வைத்த புண்ணியவான்கள் ஏராளம்.

வெளியூர் பேச வேண்டும் என்றால் டிரங்கால். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். லைட்னிங் என்றால் எட்டு மடங்கு கட்டணம். கொத்தவால் சாவடி மண்டிக்காரர்கள் வெளியூர் விலை கேட்க காலையில் புக் பண்ணிவிட்டு மத்தியானச் சாப்பாட்டை டெலிபோன் பக்கத்திலேயே முடித்துக்கொள்வார்கள். ஒரு வழியாக லைன் கிடைத்து, கத்திக் கத்திப் பேசி, விலை பேச ஆரம்பிக்கும்போது நடுவில் ஆபரேட்டர் குரல் வரும்: "மூன்று நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா?"

இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு டயல் செய்வது 1960-ல் லக்னோ - கான்பூர் இடையேதான் முதலில் வந்தது. அது தெருமுனைக்கு வர எண்பதுகளின் கடைசி ஆகிவிட்டது. அதைச் செய்து காட்டியது எஸ்.டி.டி. பூத். சொந்தமாக டெலிபோன் இல்லாதவனும் சொந்த ஊரோடு பேசலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. இரவு 11 மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம் என்பதால் பூத் வாசலில் சினிமா தியேட்டர் போலக் கூட்டம் நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுகிறவன் கண்ணு மீட்டரில், வெளியே நிற்கிறவன் கண்ணு பேசுகிறவன் மேல்.

அந்த பூத்துகளில் பல மாற்றுத் திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கப்பட்டவை. மூன்று சக்கர வண்டியில் வந்து, ஒரு மேஜை, ஒரு மீட்டர், ஒரு பில் மெஷின் வைத்து, கௌரவமாகக் குடும்பம் நடத்தினார்கள்.

பிறகு செல்போன். 1995 ஜூலை 31-ல் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவில் இருந்து டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அதுதான் ஆரம்பம். வருகிற காலுக்கும் காசு பிடித்தார்கள். மணி அடித்தால் எடுக்கவே பயந்து, நம்பரைப் பார்த்துவிட்டு பூத்துக்கு ஓடியவர்கள் உண்டு. 2003-ல் வருகிற கால் இலவசம் ஆனது. அன்றே பூத்துகளுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. 2016-ல் டேட்டா தண்ணீர்பட்ட பாடாக ஓட ஆரம்பித்ததும் கதை முடிந்தது. மூன்று சக்கர வண்டிக்காரர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

கரண்ட் போனால் கப்சிப்!

யாரும் கவனிக்காத இன்னொரு சங்கதியும் இருக்கிறது.

பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு வீட்டு கரண்ட் தேவையில்லை. எக்சேஞ்சில் இருக்கும் பேட்டரியில் இருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும். தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும். இன்றைக்கு வீட்டுக்கு வரும் பைபர் அப்படியல்ல. கண்ணாடி இழையில் கரண்ட் வராது. சுவரில் மாட்டிய பெட்டிக்கு வீட்டு கரண்ட் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் விளக்கு அணைந்த மறுநொடி டெலிபோனும் கப்சிப்.

செல்போன் டவரும் கரண்டையும் டீசலையும் நம்பித்தான் நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோமே! மொட்டை மாடியில் நின்று செல்போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்தும் சிக்னல் இல்லை. பல இடங்களில் அன்று கைகொடுத்தது மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய லேண்ட்லைன்தான். மறு வருஷம் டிசம்பர் 12-ல் வர்தா புயல். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை, கார்டு தேய்க்க லைன் இல்லை. பால் பாக்கெட் வாங்க மக்கள் அல்லாடினார்கள்.

இன்று நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. டீக்கடையில் கூட அட்டை ஒட்டி, பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிறார்கள். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடைக்காரர் போன் தொலைந்தால்? டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. அடுத்தவன் பெயரில் சிம் வாங்கிப் பணம் அடிக்கிற மோசடியைத் தடுக்க 2022-ல் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. நல்ல காரணம்தான். ஆனால் எஸ்.எம்.எஸ். இல்லை என்றால் ஓ.டி.பி. இல்லை. ஓ.டி.பி. இல்லை என்றால் அந்த ஒரு நாள் சரக்குக்குப் பணம் கட்ட முடியாது. பறிகொடுத்தவன்தான் தவிக்க வேண்டும்.

போன் திருடு போனால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள், பாங்குக்குச் சொல்லுங்கள், சிம்மை நிறுத்துங்கள் என்கிறார்கள். சரியான யோசனை. எந்தப் போனில் இருந்து சொல்வது? அதற்குத்தான் பதில் இல்லை.

யார் பேசப் போகிறார்கள்?

"இந்தக் காலத்தில் பொது டெலிபோன் வைத்தால் யார் பேசப் போகிறார்கள்?" என்று கேட்பார்கள். பெட்ரோல் பங்க்கில் சிவப்பு வாளியில் மணல் தொங்குகிறது. அங்கே தினமும் தீ பிடிக்கிறதா என்ன? சில தேசிய நெடுஞ்சாலைகளில் ஓரமாக அவசர டெலிபோன் பெட்டி நிற்கிறது. காரில் போகிறவனுக்கு அது தேவை என்றால் பஸ்ஸில் வருகிறவனுக்குத் தேவை இல்லையா?

வெளிநாட்டிலும் இதை யோசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2021-ல் சுமார் 15 ஆயிரம் பொது டெலிபோன்களில் உள்நாட்டுக் கால்களை இலவசம் ஆக்கினார்கள். நியூயார்க்கில் 2022-ல் மாநகராட்சியின் கடைசிப் பொது டெலிபோனைக் கழற்றியபோது, இலவசமாகப் பேச வேறு கம்பம் நட்டுவிட்டுத்தான் கழற்றினார்கள். இங்கே கழற்றியதோடு சரி.

கேட்பது பெரிய செலவு இல்லை. கிளாம்பாக்கம், மாதவரம், சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம், பெரிய அரசு ஆஸ்பத்திரிகள். இங்கெல்லாம் கண்ணில் படுகிற இடத்தில் நாலைந்து டெலிபோன். 112, 108, 1930, பாங்க் இலவச நம்பர்கள் காசில்லாமல் போக வேண்டும். மற்ற நம்பருக்கு மூன்று நிமிஷம், ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும். கரண்ட் போனாலும் இரண்டு நாள் ஓடுகிற பேட்டரி கட்டாயம். அது இல்லாமல் வைத்தால் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

மெஷினை மட்டும் நட்டுவிட்டுப் போனால் ஒரே வாரத்தில் ரிசீவர் காணாமல் போகும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். செராக்ஸ், ரீசார்ஜ், தண்ணீர் பாட்டில் விற்றுக்கொள்ள ஒரு சின்னக் கடையையும் சேர்த்துக் கொடுத்தால் ஆளுக்குப் பஞ்சம் வராது. எஸ்.டி.டி. பூத் நடத்திப் பிழைத்து, பிறகு பிழைப்பு போய் நின்றவர்களுக்கும், இன்று வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் முதலில் கொடுக்கட்டும்.