பழைய கார் உதறுகிறதா? இன்ஜினைக் குறை சொல்லும் முன் ரப்பரைப் பாருங்கள்!

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் கையில் உதறுகிறது. ஏ.சி போட்டதும் டேஷ்போர்டு கடகடக்கிறது. கிளட்ச்சை விட்டு வண்டி நகரும்போது அடியில் எங்கோ 'டொக்' என்று ஓர் அடி. பத்து, பதினைந்து வருடம் ஓடிய கார் நிற்கும் வீடுகளில் இந்தப் புகார் புதிதல்ல. 'வண்டிக்கு வயசாயிடுச்சு, இன்ஜினைப் பிரிச்சுதான் பார்க்கணும்' என்பார் ஒருவர். 'வந்த விலைக்குத் தள்ளிட்டு வேற வண்டி பாருங்க' என்பார் இன்னொருவர்.

இரண்டுக்கும் தலையாட்டும் முன் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் இன்ஜின் மவுன்டிங். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதை மாற்றுவது சின்ன வேலை. ஆனால், உதறலுக்குக் காரணம் தேடும்போது பலருக்கும் கடைசியாகத்தான் இது நினைவுக்கு வருகிறது.

ஒரே ரப்பர், மூன்று வேலை

இன்ஜினை நேரடியாக பாடியில் போல்ட் போட்டு இறுக்கினால், அதன் ஒவ்வோர் அதிர்வும் சீட் வரை வந்துவிடும். அதனால் இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே கெட்டியான ரப்பரைப் பிணைத்து, ஒரு பக்கத்தை இன்ஜினிலும் மறுபக்கத்தை பாடியிலும் பொருத்துகிறார்கள். இன்ஜினின் எடையைத் தாங்குவது, அது முறுக்கித் திரும்பாமல் பிடித்துக்கொள்வது, அதிர்வை விழுங்குவது என மூன்று வேலைகளையும் இந்த ரப்பர்தான் செய்கிறது. பெரும்பாலான சிறிய கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்து மூன்று அல்லது நான்கு மவுன்டிங்குகள் இருக்கும். சில கார்களில் ரப்பருக்குள் திரவம் நிரப்பிய வகையும் உண்டு.

இது புதிய யோசனை அல்ல. 1931-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம், பிளிமத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பெயரில் ரப்பர் மவுன்டிங்குகளைக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினின் உதறலை அடக்கிவிட்டோம் என்பதையே அந்தக் காரின் பெருமையாக விளம்பரம் செய்தது.

நம் ஊருக்குப் பழக்கமான மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. கடைசியாக வெளிவந்த 800-க்கே இப்போது வயது பத்துக்கு மேல். அதன் 796 சி.சி இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பிலேயே இரு முனைகளும் மாறி மாறி ஆடும் குணம் உண்டு. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், அதற்குள் நொடிக்கு 20 முறை பெட்ரோல் எரிந்து உதைக்கிறது. அதே சுற்றில் நான்கு சிலிண்டர் இன்ஜின் 26, 27 முறை உதைக்கும். மூன்று சிலிண்டரில் உதைகளுக்கு இடையே இடைவெளி அதிகம். அதனால் ஐடிலிங்கில் உதறல் கூடுதலாகத் தெரியும். மவுன்டிங் நன்றாக இருக்கும்வரை அது பெரிதாக உள்ளே வராது. ரப்பர் தளர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இப்படிப்பட்ட கார்கள்தான்.

ஓடாத வண்டிக்கும் வரும்

'நம்ம வண்டி ரொம்ப ஓடலையே' என்று நிம்மதி அடைய முடியாது. ரப்பருக்கு ஓடினாலும் வயதாகும், ஷெட்டில் நின்றாலும் வயதாகும். இன்ஜின் சூட்டில் அது காய்ந்து இறுகி வெடிக்கும். மேலிருந்து ஆயில் கசிந்தால் ஊறி, உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். கிளட்ச்சைப் பட்டென்று விடும் பழக்கமும் குண்டும் குழியுமான சாலையும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

ஒரு மவுன்டிங் தொய்ந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும். இன்ஜின் அளவுக்கு மீறி ஆடும்போது சைலன்ஸர் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், வயர்கள், ஆக்ஸில் ஜாயின்ட் எல்லாம் இழுபடும். கேபிள் கிளட்ச் உள்ள கார்களில், கிளட்ச்சை விடும்போது வண்டி குதித்துக் குதித்து நகரலாம். அதை கிளட்ச் பிளேட் கோளாறு என்று நினைத்து, நல்ல பிளேட்டைக் கழற்றிப் போடும் வாய்ப்பும் உண்டு.

காரணம் மவுன்டிங்தானா?

எல்லா உதறலுக்கும் மவுன்டிங் காரணமல்ல. கீழே உள்ள வரிசையில் பார்த்தால் குழப்பம் குறையும்.

1. நிற்கும்போதா, ஓடும்போதா? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள். நின்ற இடத்திலேயே உதறினால் கோளாறு இன்ஜின் பக்கம். நிற்கும்போது ஒன்றும் இல்லாமல், குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முதலில் வீல் பேலன்ஸிங்கையும் டயரையும் பாருங்கள்.

2. சத்தம் சீராக இருக்கிறதா? சைலன்ஸர் அருகே நின்று கேளுங்கள். சத்தம் ஒரே தாளத்தில் வர, உள்ளே மட்டும் உதறல் என்றால் மவுன்டிங் மீது சந்தேகப்படலாம். தாளம் தப்பி விட்டு விட்டு வந்தால் அது மிஸ்ஃபயர். ஸ்பார்க் ப்ளக், காயில், ஒயர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். மிஸ்ஃபயரை வைத்துக்கொண்டு மவுன்டிங்கை மாற்றினால் காசுதான் வீண்.

3. கண்ணால் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு, இரும்பிலிருந்து ரப்பர் பிரிந்த கோடு, ஒரு பக்கம் அமுங்கிய தோற்றம், இரும்போடு இரும்பு உரசிப் பளபளக்கும் தடம் ஆகியவை அறிகுறிகள். திரவம் உள்ள வகையில், கசிந்து வழிந்த கறை தெரியும்.

4. சுமை கொடுத்துப் பாருங்கள். இதற்குப் பழகிய டிரைவர் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல, பிடிக்கத் தொடங்கும் இடம்வரை மட்டும் விட வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல. பக்கவாட்டில் நிற்பவர் இன்ஜினைக் கவனிக்க வேண்டும். லேசாகச் சாய்ந்து திரும்புவது இயல்பு. ஒரு பக்கம் எழும்பி 'டொக்' என்று விழுந்தால், அந்தப் பக்கத்து மவுன்டிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். சோதனை நடக்கும்போது காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

இந்தக் குறுக்குவழிகள் வேண்டாம்

உதறலை மறைக்க ஐடிலிங்கைக் கூட்டி வைப்பது ஒரு வழக்கம். சுற்று கூடினால் உதறல் குறைந்ததுபோல் தெரியும். ஆனால், ரப்பர் அப்படியேதான் இருக்கும். நிற்கும் நேரமெல்லாம் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். பழைய டியூப், டயர் துண்டுகளை வெட்டி இடையில் செருகுவதும் நிற்காது. 'இதுதான் ஸ்ட்ராங்' என்று சொல்லி, ரேஸ் கார்களுக்கான கெட்டியான பாலியூரித்தேன் வகையை மாட்டினால், இன்ஜின் ஆடாது. ஆனால் அதிர்வு முழுவதும் உள்ளே வரும்.

கார் நிறுவனத்தின் ஒரிஜினல் பாகமோ, அதற்கு இணையான தரமான பாகமோ வாங்குங்கள். மாடலும் வருடமும் மட்டும் சொல்லாமல், இடமா வலமா, கியர்பாக்ஸ் பக்கமா என்பதையும் சொல்லுங்கள். மாடலுக்குள்ளேயே வடிவம் மாறலாம் என்பதால் பழைய பாகத்தின் போட்டோவைக் கையில் வைத்திருப்பது நல்லது.

மாற்றும்போது கூட இருங்கள்

மவுன்டிங் போல்ட்டைக் கழற்றிய நொடியில் இன்ஜினைத் தாங்க வேறு ஏதாவது வேண்டும். மேலிருந்து தூக்கிப் பிடிக்கும் சப்போர்ட் பார் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலமான மரப்பலகை வைத்து, ஜாக்கியால் மெதுவாகத் தாங்குவார்கள். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராகக் கொடுத்தால் சம்ப் நசுங்கும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு யாரும் அடியில் போகக் கூடாது. கட்டாயம் ஸ்டாண்ட் வேண்டும். அந்த வசதி வீட்டில் இல்லையென்றால் ஒர்க் ஷாப்புக்கே விட்டுவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மவுன்டிங்கைத்தான் கழற்ற வேண்டும். இன்ஜினைத் தேவைக்கு மேல் உயர்த்தினால் ஹோஸும் வயரும் இழுபடும். புதியதை வைத்ததும் எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, இன்ஜின் எடை முழுவதும் அதன் இடத்தில் அமர்ந்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். 'புது மவுன்டிங் போட்டும் உதறல் போகலை' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். இறுக்கும் அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதற்கு டார்க் ரென்ச் தேவை.

ஒன்று போய், மற்றவையும் அதே வயதில் வெடிப்போடு இருந்தால் சேர்த்து மாற்றுவது லாபம். நல்ல நிலையில் இருப்பதை வீணாகக் கழற்ற வேண்டாம். ஆயில் கசிவுதான் ரப்பரைக் கெடுத்தது என்றால், கசிவை முதலில் அடையுங்கள். இல்லாவிட்டால் புதிய மவுன்டிங்குக்கும் அதே கதிதான்.

வேலை முடிந்ததும் ஒர்க் ஷாப்பிலேயே ஏ.சி போட்டு ஐடிலிங்கில் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். முதல் கியர், ரிவர்ஸ் இரண்டிலும் நகர்த்திப் பாருங்கள். கழற்றிய பழைய மவுன்டிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கே வெடித்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். சில நாள்கள் ஓட்டிய பிறகு, போல்ட்டின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைகள் உதவும். ஐடிலிங்கில் உதறும் காரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடவும் வேண்டாம், 'சும்மா ரப்பர்தான் சார்' என்பதை நம்பிவிடவும் வேண்டாம். சைலன்ஸர் சத்தத்தைக் கேட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, நம்பிக்கையான மெக்கானிக்கை ஒருமுறை காட்டிவிட்டு விலை பேசுங்கள்.