மறைக்கவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கும் மாதங்களில், தலைநகரில் ஊழியம் செய்கிற போதகர்களிடம் இரண்டு விதமான வேண்டுகோள்கள் வருவதுண்டு. ஒரு வீட்டார், "ஐயா, பிள்ளை ஞானஸ்நானம் எடுத்த விஷயம் வெளியே தெரிய வேண்டாம்" என்கிறார்கள். இன்னொரு வீட்டார், "ஐயா, வருகிற ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் வேண்டும்" என்கிறார்கள். முந்தின வீட்டாருக்கு எஸ்.சி. ஒதுக்கீட்டில் இடம் வேண்டும். பிந்தின வீட்டாருக்குக் கிறிஸ்தவச் சிறுபான்மைக் கல்லூரியில் இடம் வேண்டும். இருவரும் நாடுவது தில்லிப் பல்கலைக்கழகத்தையே. இருவரும் ஜெபிக்கிறவர்கள், பிள்ளைகளுக்காகப் பாடுபடுகிறவர்கள். ஆகையால் இந்த மாதம் இதைக் குறித்து வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

ஏன் இத்தனை ஆவல்?

1922ஆம் ஆண்டு மூன்று கல்லூரிகளோடு தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழகம் இன்று ஏறத்தாழ 90 கல்லூரிகளைக் கொண்டது. இளநிலைப் படிப்புகளில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 70,000 இடங்கள் உண்டு. இது மத்திய அரசின் பல்கலைக்கழகம். ஆகவே மும்பையிலோ, சூரத்திலோ, போபாலிலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம்முடைய பிள்ளையும் இங்கே விண்ணப்பிக்கலாம்.

முன்னாட்களில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வாசலாயிருந்தது. 2021இல் சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு எடுத்தவர்களுக்கே முதல் பட்டியலில் இடம் என்று அறிவித்தார்கள். 2022 முதல் அந்த முறை மாறி, சி.யூ.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்தது. இத்தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு.

இங்கே நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே நுழைவுத் தேர்விலும் தெரிந்துகொள்ள வேண்டும். பாடம் மாறினால் மதிப்பெண் இருந்தும் பயனில்லை. இரண்டாவது, தேர்வு எழுதினால் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தின் இட ஒதுக்கீட்டுப் பதிவைத் தனியாகச் செய்து, விரும்பும் கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்ளாதவர் அடுத்த சுற்றுகளிலிருந்து வெளியேற்றப்படுவார். "இன்னும் நல்லது வரும்" என்று ஜெபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலான விருப்பத்திற்குக் காத்திருக்கும் வழியும் அதிலேயே உண்டு.

செல்லும் செலவைக் கணக்குப் பார்த்தல்

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைக் குறித்து நம் ஆண்டவர் லூக்கா 14:28இல் பேசினார். பெற்றோரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. படிப்புகளுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களிலேயே முடிந்துவிடும். கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டவுடனே எல்லாம் மலிவு என்று எண்ணிவிடலாகாது. 2023இல் தொடங்கிய பி.டெக். படிப்பின் முதலாண்டுக் கட்டணம் 2 லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்கு நுழைவும் வேறு தேர்வின் வழியே.

வெளியூர்ப் பிள்ளைக்கு உண்மையான பாரம் கட்டணமல்ல, தங்குமிடமே. பல கல்லூரிகளுக்கு விடுதியே கிடையாது. இருக்கிற விடுதிகளிலும் இடம் கொஞ்சம். மீதிப் பிள்ளைகள் கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர், தெற்கே சத்திய நிகேதன் போன்ற இடங்களில் பி.ஜி. என்று சொல்லப்படும் வாடகை அறைகளில் தங்குகிறார்கள். ஒரு கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் இரண்டு மூன்று மாத வாடகை விழுங்கிவிடும். முன்பணம், தரகு, மின்சாரம், குளிர்காலத்து ரஜாயும் ஸ்வெட்டரும் தனி. தில்லியிலேயே வீடு உள்ளவர்களுக்கு இந்தப் பாரம் இல்லை. மெட்ரோச் செலவோடு முடிந்துவிடும்.

2022 முதல் இளநிலைப் படிப்பு நான்காண்டு என்றாகியிருக்கிறது. மூன்றாம் ஆண்டின் முடிவில் பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டு ஆராய்ச்சிக்குரியது. ஆராய்ச்சியில் வாஞ்சையுள்ள பிள்ளைக்கு அது வீண் செலவல்ல. பின்னர் நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தியிருக்கிறார்கள். வாஞ்சை இல்லாத பிள்ளையை நாலாம் வருஷமும் பிடித்துத் தள்ள வேண்டாம்.

மறைக்கப்படும் ஞானஸ்நானம்

இப்பொழுது முந்தின வேண்டுகோளுக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் எஸ்.சி. பிரிவினருக்கு 15, எஸ்.டி. பிரிவினருக்கு 7.5, ஓ.பி.சி. பிரிவினருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த மற்ற வகுப்பினருக்கு 10 விழுக்காடு இடங்கள் உண்டு. 1950ஆம் ஆண்டு வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்துக்களுக்கு மாத்திரமே எஸ்.சி. தகுதி என்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. எஸ்.டி. தகுதிக்கு இப்படிப்பட்ட மார்க்க நிபந்தனை கிடையாது.

இந்த ஆணை நீதியானதா? நம் சபைகளில் அநேகர் ஊரில் சேரியிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து எழும்பினவுடனே ஊரார் அவர்களுக்கு வேறு தெருவில் வீடு கொடுத்துவிடவில்லை. சில இடங்களில் கல்லறையிலும் பிரிவினை உண்டு என்பதை நாம் வெட்கத்தோடு அறிந்திருக்கிறோம். ஆகவே சட்டம் மாற வேண்டும் என்று கேட்பது விசுவாசக் குறைவல்ல. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் அப்படி வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். 2022இல் மத்திய அரசு இதை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது.

ஆனால் சட்டம் மாற வேண்டும் என்று கேட்பது வேறு, சட்டத்தின் முன் பொய் சொல்லிக் கையெழுத்திடுவது வேறு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைக்கொண்டு வருகிறவர், ஒதுக்கீட்டின் பலனுக்காக மாத்திரம் தம்மை இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடே சாட்சியாயிற்று. பதிவேடு பேசும், பிரியமானவர்களே. படிப்பை முடித்து, வேலையில் அமர்ந்து, பத்து வருஷம் கழித்தும் பேசும்.

"எஸ்தர் தன் ஜனத்தை மறைக்கவில்லையா?" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. எஸ்தர் 2ஆம் அதிகாரத்தில் அவள் மௌனமாயிருந்தாள் என்று வாசிக்கிறோம். பொய் உறுதிமொழியில் கையெழுத்திட்டாள் என்று வாசிக்கவில்லை. வேளை வந்தபோது ஜீவனையே பணயம் வைத்துத் தன் ஜனத்தை அறிக்கையிட்டாள். மேலும் அவள் மௌனத்தால் வேறொரு ஏழைப் பெண் தன் இடத்தை இழக்கவில்லை. சட்டப்படி அந்த இடத்திற்கு உரிய வேறொரு குடிசை வீட்டுப் பிள்ளை நம் பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. அதையும் நினைக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் எல்லா வாசலும் அடைபட்டுவிடுமோ? இல்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்திற்கு வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவ நாடார் முதலிய வேறு சமூகத்தாரும் அப்பட்டியலில் உண்டு. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சமூகம் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால், சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தில், மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டுக்குரிய சான்றிதழை வாங்குங்கள். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய், அதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. தில்லியிலோ மும்பையிலோ உட்கார்ந்துகொண்டு ஜூன் மாதத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. ஏப்ரலிலேயே ஊருக்கு ஆள் அனுப்புங்கள்.

அவசரப்படுத்தப்படும் ஞானஸ்நானம்

1881இல் தோன்றிய புனித ஸ்தேவான் கல்லூரியும், பெண்களுக்குரிய ஜீசஸ் அண்ட் மேரி கல்லூரியும் கிறிஸ்தவச் சிறுபான்மைக் கல்லூரிகள். பாதி இடங்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குரியவை. அவர்களுக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண் 85 விழுக்காடும் நேர்முகத் தேர்வு 15 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. இது நம் பிள்ளைகளுக்குச் சட்டப்படி திறந்திருக்கிற வாசல். கூச்சமில்லாமல் விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகப் பதிவோடு நின்றுவிடாமல் அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பையும் வாசித்து, என்ன சான்று கேட்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

நமக்கு வரும் சிக்கல் இதுதான். மற்றச் சபைகளில் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானச் சான்று கையில் வந்துவிடுகிறது. நாமோ குழந்தைகளைப் பிரதிஷ்டை செய்கிறோம். மனந்திரும்பி விசுவாசித்தவர்களுக்கே முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். பதினேழு வயதில் பிள்ளை இன்னும் அந்தத் தீர்மானத்திற்கு வராதிருக்கலாம். அப்பொழுது கல்லூரி இடத்திற்காக அவனைத் தண்ணீரில் இறக்குவது எப்படி? கிறிஸ்துவோடு மரித்து எழும்புவதின் அடையாளம் ஓர் இணைப்புத் தாளாகிவிடும். பின்னாளில் அவன் உண்மையாய் இரட்சிக்கப்படும்போது, "நான் எடுத்தது ஞானஸ்நானமா, சேர்க்கைச் சடங்கா?" என்று கலங்குவான்.

இதற்கும் நேர்வழி உண்டு. பெற்றோர் சபையின் அங்கத்தினர், பிள்ளை இந்த நாளில் பிரதிஷ்டை செய்யப்பட்டது, ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் இத்தனை ஆண்டுகளாய்ப் பங்குபெறுகிறது, எங்கள் சபை முறைப்படி ஞானஸ்நானம் இன்னும் பெறவில்லை என்று உள்ளதை உள்ளபடி போதகர் எழுதிக் கொடுக்கலாம். ஏற்பதும் ஏற்காததும் கல்லூரியின் காரியம். போதகரின் கையெழுத்து பதிவேட்டில் இல்லாததைச் சொல்லக் கூடாது. உடன் ஊழியர்களே, இதை உங்களுக்கும் அன்போடு சொல்லுகிறேன்.

உள்ளே போன பிறகு

தானியேலும் அவன் தோழர்களும் பாபிலோனில் மூன்று வருஷம் படித்தார்கள் என்று தானியேல் முதலாம் அதிகாரம் சொல்லுகிறது. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். பெயரைக்கூட மாற்றினார்கள். ஆனாலும் தாங்கள் யார் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. படிப்பிலும் மற்றவர்களுக்குப் பின்னடையவில்லை.

தில்லிப் பல்கலைக்கழகமும் அப்படிப்பட்ட பெரிய பட்டணமே. நாடகக் குழு, விவாத மேடை, மாணவர் சங்கத் தேர்தல், கலை விழா என்று நாளெல்லாம் இரைச்சல். வகுப்பில் ஆங்கிலம், தேநீர்க் கடையில் இந்தி. வகுப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாதென்பது விதி. இவற்றின் நடுவே விசுவாசத்தை மறைத்து உள்ளே நுழைந்த பிள்ளை எப்படிச் சாட்சியாய் நிற்கும்? தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்லும்? ஜெபக் குழுவில் சேரவும் பயப்படும். இடத்தைப் பெற்றுக்கொடுக்கிறோம் என்று எண்ணி, நாமே பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறோம்.

சபை செய்யக்கூடியது

உண்மை பேசு என்று பிரசங்கித்துவிட்டுக் கைகட்டி நிற்கிற சபை பாதி ஊழியமே செய்கிறது. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு விசுவாசியின் வீட்டில் ஓர் அறை, முதல் மாதத்துக்காவது, கொடுக்கலாம். படித்த வாலிபர்கள் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகை கல்லூரிகளில் உண்டு. அதைக் கேட்டுப் பெறவும் உதவலாம்.

இடம் கிடைக்காத பிள்ளையைத் தோற்றவனாக எண்ண வேண்டாம். 1962இல் தொடங்கிய திறந்தநிலைக் கல்விப் பள்ளியில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே இதே பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறலாம். தில்லியில் குடியிருக்கும் பெண்பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் வார இறுதியில் வகுப்பு நடக்கும் மகளிர் கல்வி வாரியம் உண்டு. இவ்விரண்டிற்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். கட்டணமும் குறைவு. அங்கே படித்து உயர்ந்த பிள்ளைகள் நம் சபைகளிலும் உண்டு.

பெற்றோரே, நீங்கள் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தபோது பெட்டியில் அதிகம் இருந்ததில்லை. கர்த்தர் உங்களைக் கைவிடவுமில்லை. அதே தேவன் உங்கள் பிள்ளைகளுக்கும் தேவனாயிருக்கிறார். விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஜெபித்து, ஒவ்வொரு வரியையும் உண்மையாய் எழுதுங்கள். கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளுக்கு ஞானத்தையும் தயவையும் கட்டளையிடுவாராக. ஆமென்.