பழைய வண்டிகளும் புதிய நட்பும்

மனிதர் கூடுமிடத்திலெல்லாம் வரிசை ஒன்று தானாகவே அமைந்துவிடுகிறது. திருமணப் பந்தியில் முதலில் அமர்வது யார், தேர்ப் பவனியில் முன்னே நடப்பது யார் என்று நம் பங்குகளில் எழும் மனத்தாங்கல்களை வாசகர் அறிவர். இத்திங்கள் அவற்றை விட்டுவிட்டு, கடல் கடந்த ஒரு புல்வெளியில் நாம் கண்ட வேறொரு வரிசையைக் குறித்து எழுத முற்படுகிறோம்.

2018-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்ப் பங்கிலே, விடுப்பில் சென்றிருந்த குருவுக்குப் பதிலாகச் சில வாரங்கள் பணியாற்றினோம். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பள்ளியாசிரியர் ஒருவர் நம்மிடம் வந்து, பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போரின் கூட்டம் அன்று நடப்பதாகவும், தம்முடன் வர இயலுமா என்றும் வினவினார். அவரிடம் இருந்தது 1958-இல் செய்த மாரிஸ் மைனர். அவருடைய தந்தையார் ஓட்டிய வண்டி. பல ஆண்டுகள் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததைப் பதினைந்து வயது மகனும் அவரும் இரண்டு குளிர்காலம் உழைத்து ஓடச் செய்திருந்தனர். அன்றுதான் அதற்கு முதல் கூட்டம். பையன் முன்தினம் இரவு வெகுநேரம் விழித்திருந்து உலோகப் பகுதிகளைத் துலக்கினானாம். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த நமக்கு அந்த மெருகெண்ணெயின் மணமே வழித்துணை.

பழைய வண்டிகளைப் போற்றும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. 1896 நவம்பர் 14 அன்று, சாலையில் மோட்டார் வண்டிகளுக்கான வேக வரம்பு மணிக்கு 14 மைல் என உயர்த்தப்பட்டதைக் கொண்டாட, இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை வண்டியோட்டிகள் ஊர்வலமாகச் சென்றனர். 1927-இல் அதன் நினைவாக மீண்டும் ஓர் ஓட்டம் நடந்தது. இன்று அது நவம்பர் மாதத்து முதல் ஞாயிறுதோறும் நடைபெறுகிறது. 1905-க்கு முற்பட்ட வண்டிகளுக்கே அங்கு இடம். பந்தயமன்று, போய்ச் சேர்ந்தால் போதும். மழையில் நனைந்து, வழியில் நின்று, முன்பின் அறியாதவர் தள்ளிவிட, எப்படியோ கடற்கரையை அடைவதுதான் அதன் இன்பம்.

ஆயினும் வரிசை வகுக்கும் குணம் இங்கும் விட்டுவைக்கவில்லை. 1934-இல் பழைய விளையாட்டு வண்டிகளுக்கென ஒரு சங்கம் தோன்றியது. பெரும் பணவசதி இல்லாதவருக்காகவே என்று சொல்லித்தான் அதனைத் தொடங்கினர். 1930-உடன் நல்ல வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது என்பது அவர்களுடைய கொள்கை. பின்னர் 1931 முதல் 1940 வரை செய்யப்பட்டவற்றுள் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் உள்ளே ஏற்று, சாதிக் குதிரைக்கு வழங்கும் சொல்லையே அந்த இயந்திரங்களுக்கும் சூட்டினர். தகரத்துக்கும் உருளைக்குமா சாதி என்று நாம் நகைக்கலாம். ஆனால் நகைக்கும் தகுதி நம் நாட்டாருக்கு எவ்வளவு உண்டு என்பது வேறு கேள்வி.

புல்வெளியை அடைந்தபோது ஏறத்தாழ நூறு வண்டிகள் நின்றிருந்தன. நுழைவாயிலின் அருகே பளபளக்கும் பெரிய வண்டிகள், மைனர்கள் வேலியோரம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நாமும் முதலில் பெரியவற்றையே பார்க்கச் சென்றோம். நம்மை அழைத்து வந்தவரின் வண்டி நின்ற வரிசைக்குத் திரும்பியது அரைமணி நேரம் கழித்துத்தான்.

திரும்பியபோது மைனரின் முன் ஒருவர் நின்றிருந்தார். கையில் ஒரு குறிப்பேடு, காதில் பென்சில். அவரும் மைனர் உடையவரே. அவருடைய வண்டி மூன்றாவதாக நின்றது, ஒரு தூசியின்றி. வணக்கம் சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, இந்த நிறத்தை அந்த ஆண்டில் தொழிற்சாலை பூசவில்லை என்றார். 1961-க்கு முன் மைனரில் மின்னும் இன்டிகேட்டர் விளக்கு கிடையாது. பக்கவாட்டிலிருந்து கிளம்பும் கைகாட்டிதான் உண்டு, ஆகவே இந்த விளக்குகள் பிழை என்றார். குனிந்து அடித்தகட்டைப் பார்த்து, "இது கௌலியில் செய்தது அன்று" எனக் கூறி, ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

அவர் சொன்ன அனைத்தும் சரியே. அதுதான் துன்பம். பொய் சொல்லியிருந்தால் பையன் மறுத்திருப்பான். கைகாட்டிகளும் அவ்வண்டியில் இருக்கத்தான் செய்தன. பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு அவை புலப்படா என்று தாயார் அஞ்சியதால் விளக்குகளையும் சேர்த்திருந்தனர். அடித்தகடு இலங்கையிலிருந்து வந்தது. மைனர் வண்டிகள் இலங்கையில் இன்றும் பெருமையோடு ஓடுவதையும், அவற்றுக்கான தகடுகளை அங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பி வந்ததையும் அன்றுதான் அறிந்தோம். கடலின் இக்கரையில் யாரோ நம்மவர் போன்ற ஒருவர் அடித்து வளைத்த தகடு அந்த ஆங்கிலக் குடும்பத்தைச் சுமந்துகொண்டிருந்தது!

பையன் ஒன்றும் பேசாமல் பானெட்டை மூடினான். காலையிலிருந்து திறந்தே வைத்திருந்தான், யாரேனும் வந்து கேட்பார்கள் என்று. பின்பு காருக்குள் அமர்ந்து கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டான். தந்தையார் தேநீர் ஊற்றினார். அவருடைய கை சற்றே நடுங்கியது. அப்புல்வெளியில் இருந்தவருள் பெரும்பாலோர் தலை நரைத்தவர். இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டோரை ஒரு கைவிரலால் எண்ணிவிடலாம். அவர்களுள் ஒருவன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அமர்ந்திருந்தான். அந்த முதியவர்களுக்குத் தெரிந்த தொழில் யாவும் இனி இவனைப் போன்றோரிடந்தான் போய்ச் சேரவேண்டும்.

மைனரை இகழ்ந்தவருள் குறிப்பேட்டுக்காரர் முதல்வர் அல்லர். 1948-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளியிட்ட அவ்வண்டியை, தொழிற்சாலைக்கு உரியவரான நஃபீல்ட் பிரபுவே வெந்நீரில் உடைத்து அவித்த முட்டைபோல் இருக்கிறது என்று எள்ளியதாகச் சொல்வர். பத்து இலட்சம் எண்ணிக்கையைக் கடந்த முதல் பிரிட்டானிய வண்டி என்ற பெருமை பின்னர் அந்த முட்டைக்கே வாய்த்தது. தாதியரும் ஆசிரியரும் குருமாரும் அதில்தான் ஊர் சுற்றினர்.

பிற்பகலில் பெரிய வண்டிகளின் வரிசையிலிருந்து ஒரு முதியவர் தளர்ந்த நடையில் வந்தார். முழங்கை வரை எண்ணெய்க் கறை. 1920-களில் செய்த பென்ட்லி ஒன்றுக்கு உரியவர் என்று பின்னர் அறிந்தோம். அத்தகைய வண்டி இன்று இலட்சக்கணக்கான பவுன் பெறும். அவர் கண்ணாடியைத் தட்டி, "பானெட்டைத் திறந்து பார்க்க அனுமதி உண்டா?" என்று பையனைக் கேட்டார். தந்தையை அன்று, பையனை. உள்ளே பார்த்தவர், துருவை எப்படி நீக்கினாய், தகட்டைப் பற்றவைத்தது யார், கைவிரல் சுட்டுக்கொண்டாயா என்று அடுக்கினார். மகன் முதலில் ஒரு சொல்லும் இரு சொல்லுமாய் விடை தந்தான். சற்று நேரத்தில் நிறுத்த முடியவில்லை. இடையே தன் அடித்தகடு கௌலியில் செய்தது அன்று என்றும் தானாகவே சொல்லிவிட்டான்.

பெரியவர் உரக்கச் சிரித்தார். "என் பென்ட்லி பிறந்தபோது கூரையுள்ள மூடுவண்டி. பிறகு யாரோ உடலைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த வண்டியாக்கினார்கள். அதன் இப்போதைய உடல் என்னைவிட இளையது!" என்றார். அந்தக் காலத்துப் பென்ட்லிகள் பலவற்றின் கதை இதுவே என்று ஆசிரியர் பின்னர் நமக்கு விளக்கினார்.

பிறகு அவர் நம் பக்கம் திரும்பி, எந்த நாட்டவர் என்றும் அங்கே என்ன வண்டி ஓட்டுகிறீர்கள் என்றும் கேட்டார். இளங்குருவாக இருந்தபோது ஆயர் இல்லத்து அம்பாசடரைப் பலமுறை தள்ளிய அனுபவம் உண்டு என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வடிவமல்லவா அது, 2014 வரை உங்கள் நாட்டில் செய்தார்களே, என்று நம்மை ஏதோ அரச குடும்பத்தின் உறவினரைப் போல் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் நம்மிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் அரைமணி நேரம் நாம் கியர்க் கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். குருமடத்தில் நாம் கற்ற எதுவும் அன்று போல் பயன்படாமற் போனதில்லை. தள்ளிய வண்டி பயன்பட்டது.

மாலையில் புறப்படும்போது மைனர் நின்றுவிட்டது. பெட்ரோலை இறைக்கும் மின்பம்பு அதில் 'டிக் டிக்' என ஒலிக்க வேண்டும். மின்மணியில் உள்ளதுபோல் சேர்ந்தும் பிரிந்தும் இயங்கும் இரு முனைகள் அதனுள் உண்டு. அவை கறுத்து ஒட்டிக்கொண்டால் ஒலி நின்றுவிடும். பெரியவர் தம் காலணியைக் கழற்றிப் பையனிடம் நீட்டினார். அவன் குதிகாலால் பம்பை இருமுறை தட்டினான். டிக் டிக் என்றது. சுற்றி நின்றோர் கைதட்டினர். குறிப்பேட்டுக்காரரும் அங்கே நின்றிருந்தார். அவர் கைதட்டவில்லை, ஆனால் போகவும் இல்லை.

பெரிய வண்டிக்காரர் பணிவுடையவர், சிறிய வண்டிக்காரர் செருக்குடையவர் என்று இதிலிருந்து கணக்கிட நாம் விரும்பவில்லை. நுழைவாயிலருகே தம் வண்டிக்குக் கயிறு கட்டி, முதுகைக் காட்டி அமர்ந்திருந்த செல்வர் சிலரையும் கண்டோம். ஆனால் பையனைப் புண்படுத்தியது அவர்கள் அல்லர். தொலைவில் உள்ளவனின் அலட்சியம் நம்மைத் தொடுவதில்லை. தன்னைப் போன்ற வண்டியை வைத்திருப்பவனே தன்னைத் தள்ளும்போதுதான் நெஞ்சு வலிக்கிறது.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆசிரியர் வாழ்த்து மடல் அனுப்பினார். அதில் ஒரு செய்தி. இலையுதிர்காலத்தில் கைகாட்டிகளுள் ஒன்று மடங்கியபடியே நின்றுவிட்டதாம். மாற்று உறுப்பு கிடைக்குமா என்று சங்கத்தின் இதழில் பையன் நான்கு வரி விளம்பரம் கொடுத்தானாம். பத்து நாளில் அஞ்சலில் ஒரு பெட்டி வந்தது. பழைய செய்தித்தாளில் பொதிந்த இரு கைகாட்டிகள், நான்கு சிறு பல்புகள். கடிதம் இல்லை. எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்று பென்சிலால் நுணுக்கமாக எழுதப்பட்ட, குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று மட்டும் இருந்தது.